ஓரம் கடிச்ச காசு, சிங்கம் சாய்ந்த 10 ரூபாய்... ஆலையில் நடந்த தவறா, பட்டறையில் செஞ்ச வேலையா? கண்டுபிடிப்பது எப்படி?

"இந்த மாதிரி ஒரு ரூபாய் காயின் உங்ககிட்ட இருந்தா நீங்கதான் லட்சாதிபதி!" செல்போனைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு வீடியோவாவது இப்படி வந்து நிற்கிறது. ஓரம் கடித்தது போன்ற காசு, எழுத்து இரட்டையாகத் தெரியும் காசு, இரண்டு பக்கமும் சிங்கம் இருக்கும் காசு என விதவிதமாகக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உண்டியலைக் கவிழ்த்துக் கொட்டித் தேடுபவர்கள் ஏராளம்.

நாணய ஆலையில் தவறுதலாக அச்சாகி வெளியே வரும் காசுகள் உண்மையிலேயே உண்டு. சேகரிப்பாளர்கள் இவற்றை 'எரர் காயின்' என்கிறார்கள். நல்ல எரர் காயினுக்கு அதன் மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதே தோற்றத்தைக் கட்டிங் பிளேயர், அரம், பெஞ்ச் வைஸ் வைத்து யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். செய்தும் விற்கிறார்கள். வாங்குபவர் ஏமாறுவது ஒரு பக்கம். நிஜமான எரர் காயினைக் கையில் வைத்துக்கொண்டு, அது தெரியாமல் புளி போட்டுத் தேய்த்துப் பாழாக்குவது இன்னொரு பக்கம்.

முதலில், காசு எப்படிப் பிறக்கிறது?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய 4 இடங்களில் நாணய ஆலைகள் இருக்கின்றன. சென்னையிலும் கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் ஒன்று இருந்தது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

நீளமான உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். வீட்டில் சப்பாத்தி மாவைத் தேய்த்து, டம்ளர் மூடியால் பூரிக்கு வட்டம் போடுவது மாதிரிதான். பிறகு அந்த வில்லையை உருட்டி, ஓரத்தைச் சற்று மேடாக்குவார்கள். அடுப்பில் சூடேற்றி மென்மையாக்கி, கழுவி, கடைசியாக அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் ஒரு வளையம். ஒரே அடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும்.

எரர் காயின் என்றால், இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் நடந்த கோளாறு அதில் தெரிய வேண்டும். ஆகவே ஒரு வித்தியாசமான காசைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'இது அந்த இயந்திரத்துக்குள் எப்படி நடந்திருக்கும்?' பதில் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் அது வெளியே வந்த பிறகு யாரோ செய்த வேலை.

ஓரம் கடிச்ச காசு

பூரிக்கு வட்டம் போடும்போது, ஏற்கெனவே வெட்டிய இடத்தின் மேல் மூடி கொஞ்சம் ஏறிவிட்டால் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும் அல்லவா? உலோகப் பட்டை சரியாக நகராதபோது இங்கேயும் அதேதான் நடக்கிறது. அதனால் நிஜமான 'கடி' பெரும்பாலும் உள்பக்கமாக வளைந்த வில் மாதிரி இருக்கும். அதே ரகக் காசு ஒன்றை எடுத்து அந்த வளைவில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய பொருந்த வேண்டும். பட்டையின் முனையில் வெட்டுப்பட்டிருந்தால் வளைவு இல்லாமல் நேர்கோடாகவும் இருக்கலாம்.

அடுத்து, கடிக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். பல நிஜக் காசுகளில் அந்த இடத்தில் விளிம்பு மங்கி, தட்டையாக இருக்கும். காரணம் எளிது. வில்லையை உருட்டி ஓரத்தை மேடாக்கும்போது, ஒரு பக்கம் உலோகமே இல்லாததால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் விழுவதில்லை. சேகரிப்பாளர்கள் இதை 'பிளேக்ஸ்லி விளைவு' என்பார்கள். எல்லா நிஜக் காசிலும் இது பளிச்சென்று தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்தால் அது பலமான சாட்சி. காசை வெட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கத்தைத் தொடவே தோன்றாது.

மூன்றாவது, கடிக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள். நிஜமான காசில் வெட்டு முதலில், அச்சு பிறகு. அடி விழும்போது உலோகம் அந்தக் காலி இடத்தை நோக்கிக் கொஞ்சம் வழிந்து ஓடும். எழுத்துகள் ஓரத்தை நெருங்க நெருங்க இளைத்து, மங்கிப் போகும். வெட்டிய காசில் அச்சு முதலில், வெட்டு பிறகு. எழுத்து முழு உயரத்தில் வந்து திடீரென்று துண்டாகி நிற்கும். வெட்டிய ஓரத்தில் அரத்தின் கோடுகளும், விரலில் உறுத்தும் பிசிறும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணாடியில் பார்ப்பது போன்ற பிம்பம்

அச்சான காசு கீழே விழாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அந்த அச்சுக்குப் பதிலாக ஒட்டியிருக்கும் காசுதான் பதியும். விளைவு: ஒரு பக்கம் சரியான டிசைன், மறுபக்கம் அதே டிசைன் இடவலம் மாறி, பள்ளமாக. 'புரோக்கேஜ்' என்று இதற்குப் பெயர். பார்க்கவே அழகாக இருக்கும். நல்ல விலையும் போகும் என்பதால் போலிகளும் அதிகம்.

போலி செய்வது சுலபம். இரண்டு காசுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து பெஞ்ச் வைஸில் இறுக்கினால் போதும், ஒன்றின் எழுத்து மற்றொன்றில் தலைகீழாகப் பதிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த டிசைன் எங்கே போகும்? போகாது. நசுங்கிய நிலையில் அடியில் இருக்கும். அதாவது ஒரே பக்கத்தில் இரண்டு படம்: மேலே பள்ளமாக ஒன்று, அடியில் சப்பையாக இன்னொன்று. நிஜ புரோக்கேஜில் இந்தக் குழப்பம் இருக்காது, ஏனென்றால் அடி விழுவதற்கு முன் அது வெறும் வில்லை.

10 ரூபாய்: சிங்கம் சாய்ந்தால்?

அதிகம் ஏமாற்றப்படுவது இந்த இரட்டை உலோகக் காசில்தான். தங்க நிற வளையம், நடுவே வெள்ளி நிற வட்டம். இரண்டும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, அச்சடிக்கும் அடியில்தான் ஒன்றோடு ஒன்று பிணைகின்றன. அந்த நடுவட்டத்தைத் தட்டி வெளியே எடுத்து, திருப்பி மாட்டி 'ரொட்டேஷன் எரர்' என்று விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

பிடிப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரே பக்கத்தை மட்டும் பாருங்கள். நடுவில் இருக்கும் சிங்கமும், சுற்றியிருக்கும் வளையத்தில் உள்ள எழுத்தும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா? நடுவட்டத்தையும் வளையத்தையும் ஒரே அச்சு, ஒரே அடியில் பதிக்கிறது. ஆகவே ஒரு பக்கத்துக்குள்ளே நடுப்பகுதியும் வளையமும் முரண்பட வாய்ப்பே இல்லை. வளையத்தில் 'இந்தியா' நேராக இருக்க, உள்ளே சிங்கம் மட்டும் சாய்ந்து நின்றால், கழற்றி மாட்டிய காசு. அவ்வளவுதான்.

நிஜமான சுழற்சித் தவறில் ஒரு பக்கம் மொத்தமாக, வளையத்தோடு சேர்ந்து, மறுபக்கத்தை விடச் சாய்ந்திருக்கும். இதைச் சோதிக்க, சிங்கம் நேராக நிற்கும்படி காசின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் இரண்டு விரலால் பிடியுங்கள். பம்பரம் மாதிரி பக்கவாட்டில் ஒரு அரைச் சுற்று திருப்புங்கள். இன்றைய இந்தியக் காசுகளில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். லேசான சாய்வு சகஜம், அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். கால் சுற்று, அரைச் சுற்று என்று திரும்பியிருந்தால் கவனிக்கத்தக்கது.

நடுவட்டமே இல்லாத 10 ரூபாய் வளையத்தையும் 'மிஸ்ஸிங் சென்டர்' என்று விற்கிறார்கள். நடுவட்டம் இல்லாமலே அடி விழுந்திருந்தால், தடுக்க ஆளில்லாத உலோகம் ஓட்டைக்குள் கொஞ்சம் வழிந்து, உள்ஓரம் உருண்டு சீரற்று இருக்கும். தட்டிக் கழற்றியதில் உள்சுவர் நேராக, நடுவட்டம் கவ்விக்கொண்டிருந்த தடத்தோடு இருக்கும்.

இன்னொரு விஷயம். 10 ரூபாயில் டிசைன் மாறுவது எரரும் இல்லை, போலியும் இல்லை. ரூபாய் குறியீடு இல்லாத காசு செல்லாது, 15 கோடு இருந்தால் போலி என்றெல்லாம் கிளம்பிய வதந்தியால் தமிழ்நாட்டில் பல கடைகள் 10 ரூபாய் காயினை வாங்கவே மறுத்தன. குறியீடு அறிமுகமானதே 2010 ஜூலையில். அதற்கு முன் வந்த காசில் அது எப்படி இருக்கும்? அதுவரை வெளியான 14 டிசைன்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே கொடுத்தது.

நிறம் மாறிய காசு: காந்தம் எடுங்க

'தங்க நிற ஒரு ரூபாய்', 'வெள்ளி நிற 5 ரூபாய்' என்று வருபவற்றில் பெரும்பாலானவை முலாம் பூசியவை. கவரிங் நகைப் பட்டறையில் சில நிமிட வேலை. இங்கே வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தமே போதும். 1992 முதல் 2004 வரை வந்த ஒரு ரூபாயும், இப்போது புழங்கும் ஒரு ரூபாய், 2 ரூபாயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். 2007-ஐ ஒட்டி வந்த ஸ்டீல் 5 ரூபாயும் ஒட்டும். 2009-க்குப் பிறகு வந்த மஞ்சள் நிற 5 ரூபாய் நிக்கல் பித்தளை, ஒட்டாது. பழைய கனமான 5 ரூபாயும், 11 முனை கொண்ட பழைய 2 ரூபாயும் செம்பு-நிக்கல் கலவை, அவையும் ஒட்டாது.

தங்க நிறத்தில் மின்னும் ஒரு ரூபாய் காந்தத்தில் சட்டென்று ஒட்டினால், உள்ளே இருப்பது ஸ்டீல்தான், மேலே மட்டும் பூச்சு என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு மதிப்புள்ள காசு வேறொரு காசின் வில்லையில் அச்சாவது அரிதான, நிஜமான தவறு. அதற்கு எடைதான் சாட்சி. 2011-ல் அறிமுகமான வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். 2 ரூபாய் 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். 5 ரூபாய் 6 கிராம், 23 மில்லிமீட்டர். பழைய செம்பு-நிக்கல் 5 ரூபாய் 9 கிராம். கிராமில் 2 தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் தெரிந்த நகைக்கடையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் போட்டுச் சொல்லிவிடுவார்கள். 2 ரூபாய் டிசைன் இருக்கிறது, எடையோ 3.79 கிராம் பக்கத்தில் நிற்கிறது என்றால் அதை டீக்கடையில் கொடுத்துவிட வேண்டாம்.

எடை இன்னொரு வகைப் போலியையும் காட்டிக் கொடுக்கும். ஆசிட்டில் ஊறப்போட்ட காசு மெலிந்து, எழுத்தெல்லாம் ஒரே சீராகக் கரைந்து, 'மெல்லிய வில்லை எரர்' மாதிரித் தெரியும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அதுதான் ஆசிட்டின் கையெழுத்து.

எழுத்து காணோம், எழுத்து இரட்டை

ஒரு எழுத்தோ எண்ணோ மட்டும் காணாமல் போவதற்கு, பெரும்பாலும் அச்சின் குழியில் அடைத்துக்கொண்ட கிரீஸும் தூசியும்தான் காரணம். அப்படி நடந்தால் எழுத்து மெல்ல மங்கி மறையும். சுற்றியுள்ள பரப்பு மாறாது. அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த இடம் லேசாகக் குழிந்து, மெல்லிய கோடுகளோடு இருக்கும். காசை விளக்குக்கு அடியில் சாய்த்துச் சாய்த்துத் திருப்புங்கள். புதுக் காசில் ஒளி சக்கரம் மாதிரிச் சுழன்று வரும். தேய்த்த இடத்தில் அந்தச் சுழற்சி தடுக்கி நிற்கும்.

பிரிட்டனில் 2008-ல் வருடமே இல்லாத 20 பென்ஸ் காசுகள் வெளியாயின. புது டிசைன் வந்தபோது ஒரு பக்கத்துக்குப் பழைய அச்சைப் போட்டுவிட்டதால் வந்த தவறு அது. அந்நாட்டு ஆலையான ராயல் மின்டே ஒப்புக்கொண்டது. செய்தி பரவியதும், சாதாரண 20 பென்ஸில் வருடத்தை அரத்தால் தேய்த்து எடுத்தவர்களும் உண்டு. ஆனால் நிஜக் காசில் வருடம் தேய்ந்து போகவில்லை, இரண்டு பக்கத்திலும் அதற்கு இடமே கிடையாது.

காசின் மேல் மேடாக ஓடும் கோடு நல்ல அறிகுறி. அச்சில் விரிசல் விட்டால், உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறி மேடாகத்தான் வரும். பள்ளமாக ஓடும் கோடு பெரும்பாலும் வெறும் கீறல். மேடு என்றால் அச்சின் குறை, பள்ளம் என்றால் சந்தேகம் என்ற இந்தக் கணக்கு எல்லா நேரமும் செல்லாது. ஆனால் அவசரத்துக்கு உதவும்.

இரட்டை எழுத்தில்தான் ஏமாற்றம் அதிகம். அச்சு தயாரிக்கும்போதே எழுத்து இருமுறை விழுந்திருந்தால், இரண்டுமே உருண்டு திரண்டு, பிரிந்து தெரியும். அமெரிக்காவின் 1955-ம் ஆண்டு ஒரு சென்ட் இதற்குப் பேர் போனது. ஆனால் நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் அடித்த நொடியில் அச்சு லேசாக அசைந்ததால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி நசுங்கியது. ஆலையில் நடந்ததுதான், பொய் இல்லை. ஆனால் நிறையக் கிடைப்பதால் விலை இல்லை.

ரெண்டு பக்கமும் சிங்கம்

'ஷோலே' படத்தில் அமிதாப் பச்சன் சுண்டுவாரே, இரண்டு பக்கமும் தலை இருக்கும் காசு, அந்த ரகம். மேஜிக் செய்பவர்கள் வைத்திருப்பதும் இதுதான். ஒரு காசைக் கிண்ணம் போலக் குடைந்து, இன்னொன்றை இழைத்து உள்ளே பொருத்துவார்கள். விளிம்பின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு இணைப்புக் கோடு ஓடும். கல் தரையில் போட்டால் 'கிணிங்' என்று ஒலிக்காமல் 'டொக்' என்று விழும்.

எரரே இல்லாத 'எரர்'கள்

வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அது ஹைதராபாத் ஆலையின் அடையாளம். புள்ளி நொய்டா, டைமண்ட் மும்பை, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. 1980-களிலும் 1990-களின் கடைசியிலும் சில காசுகள் வெளிநாட்டு ஆலைகளிலும் அச்சாகி வந்தன. அவற்றில் பழக்கமில்லாத குறிகள் இருக்கும். வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுகளும் நினைவு நாணயங்கள்தான், தவறுதலாக வந்தவை இல்லை. தண்டவாளத்தில் வைத்துச் சப்பையாக்கிய காசு, தாயத்துக் கயிற்றுக்காக ஓட்டை போட்ட காசு, நிலைவாசலில் ஆணி அடித்துப் பெயர்த்த காசு... இவற்றைச் சொல்லவே வேண்டாம்.

நிஜம்தான் போலிருக்கிறது, என்ன செய்யலாம்?

முதலில், கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, பீதாம்பரி எதுவும் வேண்டாம். மேற்பரப்பின் இயற்கையான ஒளிதான் நிஜம் என்பதற்குச் சாட்சி. அதைத் தேய்த்துவிட்டால் நிபுணருக்கும் சந்தேகம் வரும், விலையும் விழும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள். இரண்டு பக்கமும், முக்கியமாக விளிம்பும் தெரியும்படி படம் எடுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் அமைப்புகள் இருக்கின்றன. நாணயக் கண்காட்சிகளில் நாலு பேரிடம் காட்டினால் நாலு கருத்து வரும், அதில் காரணம் சொல்லும் கருத்தை நம்பலாம். வாங்குகிற பக்கம் இருந்தாலும் இதேதான்: எடையும் விளிம்புப் படமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

லட்சம் என்ற கனவு வேண்டாம். பெரும்பாலான எரர்களுக்குச் சுமாரான தொகைதான் கிடைக்கும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. ஆலையிலிருந்து தவறாக வந்த காசு செல்லும் காசுதான். விற்க மனம் வராவிட்டால் பஸ்ஸில் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். ஆனால் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, சிதைக்கப்பட்ட காசும், எடை குறைந்த காசும் செல்லாது. எரர் என்று காட்டுவதற்காக 10 ரூபாயை வெட்டியவர் கையில் அந்த 10 ரூபாய்கூட மிஞ்சாது. நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கடைசியாக, வாங்கிக்கொள்கிறேன் என்று வரும் போன். "உங்க காயினுக்கு 5 லட்சம் பாஸ் ஆயிடுச்சு சார், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் 2 ஆயிரம் போடுங்க" என்பார்கள். பிறகு ஜிஎஸ்டி, பிறகு கொரியர் இன்ஷூரன்ஸ் என்று தொடரும். நம்ப வைக்க ரிசர்வ் வங்கி லோகோ போட்ட கடிதமும் வரும். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையைத் தாங்கள் செய்வதில்லை, அதற்காக எந்தக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. காசை விற்க வந்தவர் எதற்காக முதலில் பணம் கட்ட வேண்டும்? யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.